இரண்டு டிஸ்க் இருந்தும் ஃபைல் கெடுவது ஏன்?

ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் முறை) போட்டாயிற்று, இனி ஃபைல்களுக்கு ஆபத்தில்லை என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு டிஸ்க் அடியோடு செத்தால் அது காப்பாற்றும். டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டே, எந்தப் பிழையும் காட்டாமல் தவறான தரவைத் தந்தால் காப்பாற்றாது. இரண்டு பிரதிகளில் எது சரி என்று சொல்லும் செக்சம் (தரவிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எண்) சாதாரண ரெய்டு 1-இல் கிடையாது. லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டில் ‘ரிப்பேர்’ கொடுத்தால், ஒன்றில் இருப்பதை மற்றதன்மேல் எழுதிவிடும். நல்ல பிரதியே அழிந்துபோகலாம்.

அதனால் இசட்எஃப்எஸ் (ZFS) அல்லது பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற ஃபைல் சிஸ்டத்தில், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதியை வைக்கும் மிரர்தான் எங்கள் பரிந்துரை. ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் இருப்பதால், கெட்டதைக் கண்டுபிடித்து அடுத்த டிஸ்க்கிலிருந்து சரிசெய்யும். ஆனால் படிக்கும்போது மட்டுமே! யாரும் திறக்காத பழைய புகைப்படங்கள் சத்தமில்லாமல் கெட்டுக் கிடக்கும். ஒரு டிஸ்க் போன பிறகுதான் மிஞ்சியதிலும் ஓட்டை என்று தெரியவரும். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுங்கள், முடிவையும் பாருங்கள். செக்சம் பிழை ஒரே டிஸ்க்கில் ஏறினால் அந்த டிஸ்க்கையோ கேபிளையோ சந்தேகிக்கலாம் (டிஸ்க்கின் சுய கண்காணிப்பான ஸ்மார்ட்டில் 199-ஆம் எண், அதாவது தரவுப் பரிமாற்றப் பிழை, ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான்). இரண்டிலும் சேர்ந்து ஏறினால் முதலில் ராமைச் சோதியுங்கள்.

ஒரே டிஸ்க்கின் இரண்டு பார்ட்டிஷன்களை மிரர் ஆக்குவது வீண். டிஸ்க் போனால் இரண்டும் போகும்.

டிஸ்க் மாற்றும்போது அவசரம் வேண்டாம். பழையது ஓரளவு வேலை செய்தால், கழற்றாமலே புதியதை இணைத்து மாற்றுங்கள். புதியதில் தரவை நிரப்பும் மறுகட்டமைப்பு முடியும்வரை பழையதிலுள்ள நல்ல பிளாக்குகளும் கைகொடுக்கும். கழற்றும் முன் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்குத் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி (sda, sdb) போன்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறக்கூடும். எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும்) டிஸ்க்கைத் தவிருங்கள்: தொடர்ந்து எழுதும்போது திணறி, மறுகட்டமைப்பைப் பல நாள் இழுத்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020-இல்தான் வெளியே தெரிந்தது.

மிரர் பேக்கப் ஆகாது. நீங்கள் அழித்த ஃபைல் அதே நொடியில் இரண்டிலும் அழியும். தனி டிஸ்க்கில் பேக்கப் எடுக்கும்போது இன்னொரு கண்ணி உண்டு. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) வழக்கமாக அளவையும் நேரத்தையும்தான் ஒப்பிடும். செக்சம் ஒப்பீட்டைப் போட்டால், மூலத்தில் கெட்டுப்போன ஃபைலை ‘மாறியது’ என்று எடுத்துக்கொண்டு நல்ல பிரதியின்மேல் எழுதிவிடும். மூலத்தில் ஸ்க்ரப் பிழையின்றி முடிந்த பிறகு பேக்கப் எடுங்கள். பேக்கப் டிஸ்க்கில் பழைய ஸ்னாப்ஷாட்டுகளையும் (அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகள்) சில மாதங்களுக்கு வைத்திருங்கள்.