துன்பத்தில் இருப்பவரைக் கிறிஸ்தவ மனதுருக்கத்தோடு அணுகுவது எப்படி?

துன்பப்படுகிறவரைச் சந்திக்கச் செல்லும்போது முதலில் செய்ய வேண்டியது, பேசாமல் உடன் அமர்வதே. பைபிளில் பெருந்துன்பத்துக்கு ஆளான யோபுவின் நண்பர்கள் இரவும் பகலும் ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்த வரை நல்ல துணையாக இருந்தார்கள். துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகே அவருக்குப் பாரமானார்கள். எனவே, "எல்லாம் தேவ சித்தம்" போன்ற சொற்களை, அவற்றை நீங்கள் முழுமனதோடு விசுவாசித்தாலும், அந்த நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்த இயேசுவே, அழுதவர்களைக் கண்டு கண்ணீர் விட்டார் என்கிறது யோவான் 11ஆம் அதிகாரம்.

தேவை இன்னதென்று நீங்களே முடிவு செய்யாமல் கேளுங்கள். பார்வையற்ற பர்திமேயுவிடம்கூட இயேசு, தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

உதவியைப் பொறுத்தவரை, லூக்கா 10இல் இயேசு சொல்லும் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனின் செயல்முறை கவனிக்கத்தக்கது. அவன் காயங்களுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, அடிபட்டவனைத் தன் வாகன மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, கூடுதல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். அதாவது, பொறுப்பைப் பிறரோடு பகிர்ந்துகொண்டான், ஆனால் கைகழுவிவிடவில்லை. முதல் வாரத்தில் பலர் வருவார்கள் என்பதால், சில வாரங்கள் கழித்துச் செல்லும் நாளை இப்போதே குறித்து வையுங்கள்.

அவருடைய அனுமதியின்றி அவர் நிலையைச் சபையில் ஜெபக் குறிப்பாக அறிவிக்காதீர்கள்; அந்தப் பெயரில் வம்பு பரவுவது அரிதல்ல.