கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் பூனையை வீட்டுக்குப் பழக்குவது எப்படி?

தெருவில் வளர்ந்த பெரிய பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அது கட்டிலுக்கடியில் போய் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் இருந்தால் என்ன செய்வது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மிளகு அப்படி வந்த பூனைதான். கருத்தடை அறுவை முடிந்த பிறகு திரும்பத் தெருவில் விட மனம் வரவில்லை, சென்னையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். தடுப்பூசி, குடற்புழு மருந்து, மணல் தட்டு இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டி பிறந்து 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரைதான் மனிதர்களை எளிதாக ஏற்றுக்கொள்ளும் காலம். அந்த நேரத்தில் கை படாமல் வளர்ந்த பூனை நம்மைக் கண்டு பயப்படுவது திமிரும் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை.

1. ஒரே ஓர் அறை

முழு வீட்டையும் திறந்து விடாதீர்கள். சமையலறைக்குத் தள்ளி இருக்கும் ஓர் அறை போதும். கீச்சென்ற சத்தத்தில் நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் (ஒலி அதிர்வின் அளவு) வரைதான் கேட்கும், பூனைக்கு 60-க்கு மேலும் கேட்கும். மிக்ஸியும் குக்கர் விசிலும் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாடு ஒரு மூலை, மணல் தட்டு எதிர் மூலை. ஜன்னலுக்குக் கொசுவலை போதாது, பயந்த பூனை நைலான் வலையைக் கிழித்துக்கொண்டு போய்விடும், கம்பி வலை அடியுங்கள்.

பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கடியில் என்று கை எட்டாத இடங்களைத் தலையணை, பெட்டி வைத்து பூனை வருவதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, எதிரெதிராக இரண்டு வாசல் வெட்டி, உள்ளே பழைய லுங்கி போடுங்கள். ஒரே வாசல் இருந்தால் அங்கே நாம் வந்து நிற்கும்போது பூனைக்குத் தப்ப வழி இல்லை. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் ஒரு காப்பகத்தில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைவிட வேகமாக புது இடத்துக்குத் தேறின. கடையில் விற்கும் பஞ்சு வீடெல்லாம் வேண்டாம், வாஷிங் மெஷின் வந்த பெட்டி அதைவிட நல்லது.

2. சும்மா விடுங்கள்

பெட்டிக்குள்ளிருந்து இழுக்காதீர்கள், பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள், வந்த சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பெட்டியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். முதலில் ராத்திரியில்தான் சாப்பிடும், சரி. ஆனால் 24 மணி நேரம் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள், சில நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம்.

3. அங்கேயே இருங்கள்

தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்த் தரையில் உட்காருங்கள். பூனைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள், மெதுவான குரலில் எதையாவது பேசுங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். அது உங்களைப் பார்த்தால் கண்ணைப் பாதி மூடி, மெல்ல மூடித் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, இப்படிக் கண் சிமிட்டிய ஆட்களிடம் பூனைகள் திரும்பச் சிமிட்டின, அறிமுகமில்லாதவர் கையை நோக்கியும் அதிகம் வந்தன.

4. கை

எங்களுக்கு ரொம்ப நாள் நகராமல் நின்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மிளகு என் எதிரில் நன்றாகச் சாப்பிடும், என் காலை ஒட்டி நடந்துகூடப் போகும். ஆனால் கையை அசைத்தால் போதும், பெட்டிக்குள் பாய்ந்துவிடும். தெருவில் கை என்றால் அதற்குக் கல், துடைப்பம், பிடிக்கிற கூண்டு. ஆக ஆளுக்குப் பழகுவது வேறு, கைக்குப் பழகுவது வேறு, இரண்டாவதைத் தனியாகப் பழக்க வேண்டியிருந்தது.

நாங்கள் செய்தது இது. கையைத் தரையில் வைத்து அசைக்காமல் விட்டு, ஒரு முழத் தொலைவில் தீனி. அது நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் இரண்டு விரல் அளவு கிட்டே, தயங்கினால் பழைய தூரத்துக்கே திரும்பு. பிறகு ஒரு விரலை மட்டும் அதன் மூக்கு மட்டத்துக்குக் கீழே நீட்டி, நீட்டியதோடு நிறுத்து. மீதித் தூரத்தைப் பூனைதான் கடக்க வேண்டும். மோந்து பார்த்துக் கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்தில் மூன்று தடவு தடவி கையை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு மறுபடி வந்து உரசினால் தொடரலாம், வராவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான். தலைக்கு மேலிருந்து கை இறங்கக் கூடாது, வயிறு, வால் பக்கம் வேண்டவே வேண்டாம். காது பக்கவாட்டில் மடங்குவது, வால் தரையில் அடிப்பது, முதுகுத் தோல் சிலிர்ப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள்.

தீனிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி அல்லது நெத்திலி. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவியது வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். நக்கிச் சாப்பிடும் பசைத் தீனி பாக்கெட்டில் கிடைக்கிறதே, அது இந்த வேலைக்கு மிகச் சரி, ஒரு நீளக் கரண்டி நுனியில் தடவிக் கொடுத்துத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் காம்பைக் குட்டையாகப் பிடிக்கலாம்.

5. விளையாட்டு, பிறகு கதவு

நீளக் குச்சியில் இறகு கட்டிய பொம்மை வாங்குங்கள், தூரத்திலிருந்தே விளையாடலாம். லேசர் விளக்கு எனக்குப் பிடிக்காது, எதையும் பிடித்த திருப்தி பூனைக்குக் கிடைப்பதில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு அறையில் நடக்க ஆரம்பித்ததும், வீடு அடங்கிய இரவு நேரத்தில் கதவை ஒருக்களித்து வையுங்கள். பழைய அறையும் பெட்டியும் அப்படியே இருக்கட்டும்.

பூனையின் மனதை அமைதிப்படுத்தும் என்று விற்கும் வாசனைக் கருவி பற்றிக் கேட்பார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேன் போடும் நம் வீடுகளில் அந்தப் பணத்தைக் கம்பி வலைக்குச் செலவழிக்கலாம் என்பதே என் கருத்து.

பின்னூட்டங்களைப் படித்த பிறகு சேர்த்தது

தனி அறை இல்லாத வீடு என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஆள் அதிகம் நடமாடாத மூலையில் மேசையைப் போட்டு மூன்று பக்கமும் போர்வை தொங்கவிட்டு, உள்ளே பெட்டி வையுங்கள். குழந்தைகளிடம் "மேசைக்குள்ளே தலை நீட்டக் கூடாது" என்பது ஒன்றே சட்டம்.

பழகிய பூனை திடீரென்று மறுபடி ஒளிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள், வலி வந்தாலும் பூனை ஒளியும். ஆண் பூனை மணல் தட்டில் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே, அந்த நிமிடமே மருத்துவரிடம் போக வேண்டும்.

தீபாவளிக்கு: ஜன்னலை மூடி, திரை போட்டு, உள்ளறையில் டிவி ஓடட்டும், மணல் தட்டும் அங்கேயே. பட்டாசுக்கு மிகவும் நடுங்கும் பூனை என்றால் சில வாரம் முன்பே மருத்துவரிடம் மருந்து கேட்டு வையுங்கள். வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் ஒன்று போதும் பூனையைக் கொல்ல. பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டார் வருகிற நேரத்தில்தான் வாசல் கதவு திறந்தே கிடக்கும், அதனால் உள்ளறைக் கதவைத் தாழிட்டு, பூனை இருக்கிறது, திறக்க வேண்டாம் என்று ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.