பிரோஷரில் போட்ட மைலேஜை எப்படிப் படிப்பது

ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, “இந்த வண்டி எவ்வளவு கொடுக்கும்?” நான் திருப்பிக் கேட்பது, “பிரோஷரில் இருப்பது எந்த டெஸ்ட் எண்?” அது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

ஐரோப்பாவின் பழைய என்.இ.டி.சி. டெஸ்ட் 1180 வினாடி, சுமார் 11 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ.கூட வராது. 2017-இல் வந்த டபிள்யூ.எல்.டி.பி. 1800 வினாடி, 23 கி.மீ., உச்ச வேகம் 131. ஒரே வண்டிக்கு இரண்டிலும் இரண்டு எண் வரும். பழைய மாடலின் என்.இ.டி.சி. எண்ணைப் புது மாடலின் டபிள்யூ.எல்.டி.பி. எண்ணோடு ஒப்பிட்டு, “புதுசு அதிகம் குடிக்குது” என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

இரண்டுமே லேபில் சக்கரத்துக்கு அடியில் சுழலும் உருளை மேல், ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான். காற்றுத் தடைக்கும் டயர் உருளும்போது வரும் தடைக்கும் ஈடாக உருளையில் ஓர் எதிர்ப்பை வைப்பார்கள். ஓடும் வண்டியை நியூட்ரலில் விட்டு, எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறது என்று பார்த்து எடுக்கும் அளவு அது. பெரும்பாலும் கம்பெனியே எடுத்துக் கொடுக்கும். கை வைக்க வசதியான இடமும் அதுதான். 2012-இல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் மைலேஜ் எண்களைக் குறைத்துப் போட வேண்டி வந்ததும், 2016-இல் மிட்சுபிஷி ஜப்பானில் 6,25,000 சிறு கார்கள் விஷயத்தில் மாட்டியதும் இந்த அளவில்தான்.

ஆகவே நீங்களே அளந்து பாருங்கள். பங்க்கில் கன் தானாக கட் ஆகும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் முக்கால்வாசி காலியானதும் அதே பங்க், அதே பம்ப், மறுபடி கட் ஆகும்வரை. என் நோட்டில் கடைசியாக இருப்பது: 412 கி.மீ., 27.6 லிட்டர், அதாவது லிட்டருக்கு 14.9. ஒரு தடவை எடுத்ததை நம்பாதீர்கள். நாலைந்து நிரப்பலைக் கூட்டி வகுங்கள். டாஷ்போர்டு காட்டும் எண்ணை இதோடு ஒத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது கொஞ்சம் தாராள மனசுதான்.

கார்பன் டை ஆக்சைடு எண்ணைச் சரிபார்க்க கால்குலேட்டர் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, டீசல் என்றால் சுமார் 2.7. லிட்டருக்கு 18.5 கி.மீ. என்று சொல்லும் பெட்ரோல் வண்டி கி.மீ.க்கு ஏறக்குறைய 125 கிராம் விட்டாக வேண்டும். பக்கத்திலேயே 105 என்று அச்சடித்திருந்தால் இரண்டு எண்ணும் ஒரே டெஸ்ட்டில் வந்தவை அல்ல.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம்? 2021-இல் பதிவான கார்களின் உள்கருவிகள் பதிந்த கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் சொன்னதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் குடித்தன. அதற்குள் இருந்தால் ஓட்டும் விதத்தையும் டயர் காற்றையும் பாருங்கள், கம்பெனியைத் திட்ட வேண்டாம். சார்ஜ் போட்டும் எரிபொருளிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் மட்டும் சொன்னதைப் போல மூன்றரை மடங்கு! சார்ஜ் போடாமல் ஓட்டுகிறவருக்கு அந்த பிரோஷர் எண் வெறும் அலங்காரம்.

புகையில் வரும் நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடை நீங்கள் அளக்க முடியாது. 2015-இல் ஃபோக்ஸ்வேகன் விவகாரத்தில், டெஸ்ட் நடப்பதை சாஃப்ட்வேரே மோப்பம் பிடித்து அப்போது மட்டும் அடக்கி வாசித்தது. ரோட்டில் சில வண்டிகள் வரம்பைப் போல 40 மடங்குவரை விட்டன. கையடக்கக் கருவியை வண்டியில் ஏற்றி ரோட்டில் ஓட்டியதில்தான் குட்டு உடைந்தது. 2017-இலிருந்து அந்த ரோட்டு டெஸ்ட்டை ஐரோப்பா கட்டாயமாக்கியது. ஆனால் கி.மீ.க்கு 80 மில்லிகிராம் வரம்புள்ள டீசலுக்கு ரோட்டில் 168 வரை சலுகை கொடுத்தது. 2020-இலிருந்து புது மாடல்களுக்கு அதை 114 ஆக்கியது. செகண்ட் ஹேண்ட் ஐரோப்பிய டீசல் பார்க்கிறீர்கள் என்றால் பேப்பரில் ‘யூரோ 6’ (ஐரோப்பாவின் புகை வரம்பு விதி) என்பதோடு விடாதீர்கள். பின்னால் ‘டி’ இருக்கிறதா, ‘டி-டெம்ப்’ இருக்கிறதா என்று கேளுங்கள். ‘டி’ என்றால் 114. ‘டி-டெம்ப்’ என்றால் 168. இரண்டும் இல்லாத பழைய யூரோ 6 என்றால் ரோட்டில் யாரும் வரம்பு வைத்துப் பார்க்காத வண்டி.