நட்சத்திரத்துக்குப் பேர் வைக்கக் காசு கட்டும் முன்

என் அக்கா மகளின் பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் நட்சத்திரம் வாங்கிக் கொடுத்தார். தங்க எழுத்தில் அவள் பெயர் போட்ட சான்றிதழ், சாமி அறைக்கு வெளியே பிரேம் போட்டு மாட்டியாயிற்று. விற்ற கடை தன் சொந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்ததோடு சரி, அந்தப் பெயரை எந்த வானியலாளரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

மொரிஷியஸில் உங்களுக்கும் அப்படி ஒரு விளம்பரம் வந்தால், முதலில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தளத்தில் நட்சத்திரப் பெயர்ப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 1919-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய அமைப்பு இது. வானத்தில் 88 விண்மீன் மண்டலங்கள் என்று வகுத்ததும், 2006-இல் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து இறக்கி எல்லோரிடமும் திட்டு வாங்கியதும் இவர்கள்தான். நட்சத்திரப் பெயர்களை ஒழுங்குபடுத்த 2016-இல் தனிக் குழு போட்டார்கள். பெயரை விற்பதில்லை.

அப்புறம் உங்கள் ஜென்ம நட்சத்திரத்தை ஆங்கில எழுத்தில் தேடுங்கள். எல்லாம் இருக்காது, ஆனால் ரேவதியும் பரணியும் இருக்கின்றன. எங்கள் பெண் பரணி! டிசம்பர் கடைசியில் இரவு 9 மணி வாக்கில், மேகம் இல்லாத கடற்கரையில் வடக்கே பார்த்து நின்று கார்த்திகைக் கூட்டத்தைப் பிடியுங்கள். அதற்கு இடப்பக்கம், நீட்டிய கையின் முஷ்டி ஒன்றும் கொஞ்சமும் தள்ளி, சின்ன முக்கோணமாக மூன்று விண்மீன்கள் இருக்கும். அதில் பிரகாசமானதுதான் பட்டியலில் உள்ள பரணி. பழைய தமிழில் இதற்கு முக்கூட்டு, அடுப்பு என்றெல்லாம் பெயர்.

புதுப் பெயரே வைக்க ஆசையா? ஒன்றியம் அவ்வப்போது நடத்தும் பெயர் சூட்டும் போட்டிக்குக் காத்திருங்கள். 2019-இல் நூற்றாண்டுக்காக நாட்டுக்கு ஒரு விண்மீனும் அதன் கோளும் கொடுத்தார்கள். நமக்கு வந்த வாஸ்ப்-72 என்ற விண்மீனுக்கு தியா, அதாவது தீபாவளி அகல் விளக்கு, என்று பெயர் வைத்தோம். கோளுக்கு குப்தோர். அதுவும் அடுப்புதான், ருமேனிய மொழியில். வெறுங்கண்ணுக்குத் தியா தெரியாது என்பது மட்டும் எனக்குக் குறை. அந்தப் போட்டியில் பெயர் 4 முதல் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், வியாபாரப் பெயர் கூடாது, உயிரோடிருப்பவர் பெயரும் கூடாது. ஆக, பிறந்தநாள் பிள்ளையின் பெயர் அங்கேயும் செல்லாது.