மோட்டார்ஹோமில் லெகோலாண்ட்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

வேலை கிடைத்து, வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து மூச்சு விடுகிற நேரத்தில் வீட்டில் ஜொகூரின் லெகோலாண்ட் கேளிக்கைப் பூங்கா பற்றிப் பேச்சு கிளம்பும். அதே சமயத்தில் ஊரிலிருந்து தாத்தா பாட்டியும் வருவதாக இருக்கும். ஆறு பேருக்கு இரண்டு ஹோட்டல் அறை, பெரியவர்களுக்குச் சைவச் சாப்பாடு, கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச ஓர் அடுப்பு என்று கணக்குப் போடும்போது, பேசாமல் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறை உள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்தால் என்ன என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால் காசு மிச்சமாகும் என்று நம்பி எடுக்காதீர்கள். வாடகை, டீசல், டோல் மூன்றும் சேர்ந்தால் ஹோட்டல் செலவை நெருங்கிவிடும். நம் அடுப்பு, நம் கழிவறை, நினைத்த இடத்தில் நிறுத்தி ஒரு கட்டிலில் பாட்டி காலை நீட்டிக்கொள்வது, இதெல்லாம் வேண்டும் என்றால்தான் அது லாபம்.

முதலில் ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். டிக்கெட் அப்புறம். மின்சாரம், தண்ணீர், கழிவைக் கொட்ட வசதி மூன்றும் சேர்ந்த இடங்கள் மலேசியாவில் குறைவு. கேம்பிங் இடங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பாதிக்கு மேல் ஆற்றோரம், மலையடிவாரம். கூடாரம் போடத் தோதான அந்த இடங்களுக்குள் பெரிய வண்டி நுழையாது.

எந்தப் பூங்கா என்பதும் இதை வைத்துத்தான். கெந்திங் மலைக்கு மோட்டார்ஹோமைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே 2022-ல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இறங்கும்போது பிரேக் சூடேறுகிற செங்குத்துச் சாலை அது. 2013-ல் அந்தச் சாலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். சொந்தக் காரில், கேபிள் கார் கிளம்பும் ஆவானா வரை போய் அதில் ஏறிக்கொள்வது மேல். சன்வே லகூன் 1993-ல் பழைய ஈயச் சுரங்கத்தில் எழுந்த பூங்கா, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் சுற்றிலும் பேரங்காடிக் கட்டடங்கள். அடித்தள நிறுத்துமிடங்களில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே கம்பி குறுக்கே தொங்கும், உங்கள் வண்டியோ மூன்று மீட்டரைத் தொடும். லெகோலாண்ட் 2012-ல் ஜொகூரின் இஸ்கண்டார் புத்ரியில் திறந்தது. நம்மிடமிருந்து ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் அளவில் தூரம்தான், ஆனால் ஏறக்குறைய எல்லாமே நெடுஞ்சாலை, மலை ஏற்றம் கிடையாது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வரையான பிள்ளைகளுக்கென்று கட்டியது. அதற்கு மேற்பட்டவர்கள் ஒரு மணி நேரத்தில் போனை எடுத்துவிடுவார்கள்.

வண்டி கைக்கு வந்ததும் நேராக ஜொகூருக்குக் கிளம்பாதீர்கள். நம் ஊருக்குப் பக்கத்திலேயே தம்பூன் இருக்கிறது. அங்குள்ள லாஸ்ட் வேர்ல்ட் பூங்காவில் ஒரு பகல், அப்புறம் வெந்நீர் ஊற்று, ராத்திரி வண்டியிலேயே தூக்கம். எந்த விளக்கு எரியவில்லை, தண்ணீர்த் தொட்டி எத்தனை குளியலுக்குத் தாங்கும், மாமனார் குறட்டையில் யாருக்குத் தூக்கம் கெடும் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

ராத்திரி நிறுத்துமிடம்

நெடுஞ்சாலை ஓரத்து ஆர் அண்ட் ஆர் ஓய்விடங்களில் கழிவறை, குளியலறை, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. லோரிக்காரர்கள் அங்கே கண்ணயர்வதைப் பார்க்கலாம். நீங்களும் இரண்டு மணி நேரம் படுத்து எழலாம். ஆனால் பந்தலை விரித்து, நாற்காலி போட்டு, சாம்பார் தாளிக்கிற இடம் அதுவல்ல.

தமிழர்களுக்கு இங்கே வேறொரு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம், "அக்கா, ஜொகூர் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். குளுவாங்கில் சின்ன மாமா மகள், சிகாமட்டில் கொழுந்தனார் என்று இரண்டு பெயராவது வரும். 1950, 60களில் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும், பின்னால் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபோதும், வேலை தேடிக் குடும்பங்கள் நாடு முழுக்கச் சிதறின. நம் ஊர்க்காரரும் ம.இ.கா. தலைவருமான துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். சிதறியதன் பலன், எந்த மாநிலத்துக்குப் போனாலும் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கிறது. அக்காவையே போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களாகப் போய் இறங்கினால் அது மரியாதை இல்லை.

குளுவாங் நல்ல தோது. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், மறுநாள் காலை லெகோலாண்டுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். தோட்டத்துக்குள் என்றால் வாசலில் காவலர் இருப்பார். வண்டி எண்ணையும் யார் வீட்டுக்கு என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். லயத்து வீடுகளுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) முன்னாலோ கோயில் பக்கத்திலோ கெட்டியான தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். செம்பனை வரிசைக்குள் ஓடும் செம்மண் பாதையில் நிறுத்தாதீர்கள்: ஒரு மழை போதும், பின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். விடிந்தால் குலை ஏற்றும் லோரி அதே பாதையில் வந்து நிற்கும். செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பிள்ளைகள் இறங்கினால் காலில் சப்பாத்து, கையில் டார்ச் விளக்கு. எலி பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக் கூடுகள் வைத்திருப்பார்கள், கம்பத்தின் மேல் மரப்பெட்டியாக. சாயங்காலம் காட்டுங்கள், பிள்ளைகள் அதையே ஊருக்குப் போய்ச் சொல்வார்கள்.

வீட்டிலிருந்து கரண்ட் இழுப்பதென்றால் தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் கையோடு வேண்டும். இங்கே 230 வோல்ட், சதுர முனை மூன்று பின். ஊரிலிருந்து கொண்டு வந்த மிக்சியின் உருண்டைப் பின் ஏறாது, அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்கோனையும் அரிசிக் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் வண்டி மட்டுமில்லை, அந்த வீடும் டிரிப் ஆகும். சோறு வேகும் இருபது நிமிடம் ஏர்கோனை அணைத்து வையுங்கள். கழிவறைப் பெட்டியை அவர்கள் வீட்டுக் கழிவறையில் மட்டும், கேட்டுவிட்டுக் கொட்டுங்கள். லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டினால் அடுத்த தடவை யாருக்கும் இடம் கிடைக்காது. காசு கொடுத்தால் முகம் வாடிவிடும். பழம் வாங்கிப் போங்கள், கோயில் உண்டியலில் போடுங்கள்.

காகிதம், டோல், எண்ணெய்

சாதாரண டி வகை லைசென்ஸ் 3,500 கிலோவுக்கு மேல் போகாத வண்டிக்குத்தான், அதுவும் ஆளும் சாமானும் ஏற்றாத எடை. வண்டியின் கிராண்டில் (பதிவுப் பத்திரத்தில்) எடையைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். ஊர் லைசென்ஸோடு ஓட்டுகிறவர்கள் அனைத்துலக அனுமதியும் கொண்டுபோக வேண்டும். உங்கள் லைசென்ஸுக்கு இன்சூரன்ஸ் செல்லும் என்று வாடகைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. கடப்பிதழ்கள் (பாஸ்போர்ட்) எல்லாம் வண்டியில் இருக்கட்டும். சாலைத் தடுப்பில் போனில் படம் காட்டி முடிகிற விஷயமல்ல. 2020 ஜனவரி முதல் சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். ஓடும்போது பின்கட்டிலில் படுக்க வைப்பது பிள்ளைக்கும் வேண்டாம், பாட்டிக்கும் வேண்டாம்.

டச் அண்ட் கோ கார்டில் தாராளமாகப் பணம் போடுங்கள். எந்தக் கார்டில் ஏறினீர்களோ அதிலேயே இறங்க வேண்டும். டோல் கட்டணம் சக்கரக் கணக்கில். இரண்டு அச்சு நான்கு சக்கரம் முதல் வகுப்பு. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள மோட்டார்ஹோம் இரண்டாம் வகுப்பு, கட்டணம் கணிசமாகக் கூடும். டீசல், தீபகற்பத்தில் 2024 ஜூன் முதல் சந்தை விலை. பெட்ரோல் வண்டியென்றால், ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்) என்று நண்பர்கள் சொல்வது மைகார்டு அடையாள அட்டை உள்ள குடிமக்களுக்கு. நமக்கு முழு விலை.

எப்போது, எப்படி

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் இந்தியக் கடப்பிதழில் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். அவர்கள் வந்து இரண்டாவது வாரம் வைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரம் அவர்களுக்கு வெயிலே போதும். ஜூன் மாதமும் நவம்பர், டிசம்பரும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை. லெகோலாண்ட் வரிசையில் நிறையப் பேர் அங்கிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். 2025 முதல் ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை, எனவே வேலை நாளாகப் பாருங்கள். பூங்கா திறந்திருக்கும் நாள்களை இணையத்தில் சரிபார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

காலை ஐந்தரைக்குச் செம்மோர் வழியாகப் போய் ஈப்போ வடக்கு டோலில் ஏறினால் கோலாலம்பூர் நெரிசலைத் தவிர்ப்பது கடினம்தான். நகருக்குள் போகாமல் புக்கிட் லாஞ்சானில் பிரிந்து ஷா ஆலம், எலைட் நெடுஞ்சாலை வழியாக நீலாயில் மறுபடி சேருங்கள். சாலையில் 110 என்று போட்டிருக்கும். மோட்டார்ஹோமை 90-லேயே வைத்திருங்கள், பக்கக்காற்றில் ஆடும். தப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கிச் சாப்பிடலாம் என்று சைவக்காரர்களை நம்ப வைக்காதீர்கள். நாசி லெமாக்கின் சம்பாலில்கூட நெத்திலியோ பெலாச்சானோ (இறால் விழுது) இருக்கும். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மத்தியானம் வரை தாங்கும். கடைசியில் சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் இணைப்புச் சாலையில் லெகோலாண்ட் பலகையைத் தவறவிட்டால் எல்லைச் சோதனைச் சாவடிப் பக்கம் போய்விடுவீர்கள்.

உயரமான வண்டியை எங்கே நிறுத்த விடுகிறார்கள், ராத்திரி வைக்கலாமா என்று பூங்காவுக்கு முந்தைய வாரமே போன் பண்ணிக் கேளுங்கள். உள்ளே போனதும் வெளிச் சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்குக் கூரையுள்ள சவாரிகளும் சாப்பாடும். தாத்தா பாட்டிக்கு மினிலாண்ட்: தாஜ்மகாலும் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரமும் லெகோ கட்டைகளில் நிற்கும். தண்ணீர்ப் பூங்காவுக்குத் தனி உடை வேண்டும். பருத்திச் சட்டை, ஜீன்ஸ், சுடிதாரோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். முழுக்கை லைக்ரா உடை இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், பாட்டிக்கும் சேர்த்து.

திருப்பிக் கொடுக்குமுன் கழிவுத் தொட்டியைக் காலி செய்து, எண்ணெய் நிரப்பி, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் திரும்ப வரும் வரை அந்தப் படங்களை அழிக்க வேண்டாம்.