சைக்கிள் பயணத்தில் சார்ஜ்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவு) பவர் பேங்க் வாங்கலாம்?" என்றுதான். கேள்வியே கொஞ்சம் இடறுகிறது. புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம் என்று ராத்திரி தங்க ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். கரண்டுக்குப் பஞ்சமில்லை. பிளக் பாயிண்ட் பக்கத்தில் நாம் இருக்கும் நேரத்துக்குத்தான் பஞ்சம்.

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது ஏறக்குறைய 74 வாட்-அவர். பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால், வீணாவதையும் சேர்த்து நிரம்ப ஒன்பது மணி நேரம் போல ஆகும். ராத்திரி பத்துக்குச் சாப்பிட்டு வந்து செருகி, வெயிலுக்கு முந்தி நாலரைக்குக் கிளம்பினால் முக்கால்வாசிதான் ஏறியிருக்கும். நடுவில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. பெட்டியின் முன்பக்கம் பெரிதாக '22.5 வாட்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெளியே கொடுக்கும் வேகம். பின்பக்கப் பொடி எழுத்தில் 'இன்புட்' வரியைப் பாருங்கள், அதுதான் உள்ளே வாங்கும் வேகம். அங்கே 18 வாட்டாவது இருக்க வேண்டும், அதைக் கொடுக்கக்கூடிய சார்ஜரும் கையில் இருக்க வேண்டும்.

எம்ஏஎச் எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. யுஎஸ்பிக்காக 5 வோல்ட்டாக மாற்றும்போது 10,000 என்பது 6,000 சொச்சமாகிவிடும். 5,000 எம்ஏஎச் போன் ஒன்றரைத் தடவை நிரம்பினால் அதிகம்.

லாட்ஜில் பல நேரம் வேலை செய்யும் பாயிண்ட் ஒன்றுதான் இருக்கும், அதுவும் லொடலொடவென்று. இரண்டு மூன்று சார்ஜர் சுமப்பதைவிட, பல போர்ட் உள்ள ஒன்று போதும். ஆனால் இரண்டாவது கேபிளைச் செருகியதும் வாட் பிரிந்துவிடும். பெரிய பங்கு பவர் பேங்க்குக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் பவர் பேங்க்கின் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

பகலில் சாப்பாட்டுக் கடையில், "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?" என்றால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் 85 சதவீதத்தில் இருக்கும் போனைச் செருகுவது வீண். 80க்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் ஏறும். எது காலியாகக் கிடக்கிறதோ அதைப் போடுங்கள்.

வெயில்தான் இந்தச் சாலையில் பெரிய எதிரி. ஹேண்டில்பாரில் போனை மாட்டி, முழு வெளிச்சத்தில் மேப்பைத் திறந்து, கூடவே சார்ஜும் போடுகிறார்கள். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் போன் தானே நிறுத்திக்கொள்ளும். சார்ஜ் ஏறவில்லையே என்று கேபிளைத் திட்டிப் பயனில்லை. மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்து, திரையை அணைத்து, குரல் வழிகாட்டலை மட்டும் கேட்டால் போதும். நேர் சாலையில் திரையைப் பார்த்துக்கொண்டே போக என்ன இருக்கிறது? சிக்னல் தேடியே பேட்டரி தீரும் இடங்களில் ஏரோப்ளேன் மோடில் போடலாம், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். சூடான போனை ஐஸ் பாட்டில் மேல் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் கோக்கும்.

டைனமோ ஹப் (சக்கரம் சுழலும்போது கரண்ட் தரும் அச்சு) வைத்திருப்பவர்கள் அதிலிருந்து நேராகப் போனுக்கு இழுப்பார்கள். பொதுவாக அது 15 கிலோமீட்டர் வேகத்தில் 3 வாட் தரும். சமவெளியில் சரி. கொல்லிமலை மாதிரி ஏற்றத்தில் ஏழு, எட்டு கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் ஒன்றும் தேறாது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சார்ஜ் அறுந்து, திரை விழித்து, ஏறியதையே தின்றுவிடும். டைனமோவுக்கும் போனுக்கும் நடுவில், ஒரே நேரத்தில் வாங்கவும் கொடுக்கவும் தெரிந்த பவர் பேங்க் வேண்டும். கேரியரில் விரிக்கும் சோலார் தகடு? இந்த வழிக்கு வெறும் சுமை.

மழையிலோ வியர்வையிலோ நனைந்த போர்ட்டில் கேபிளைச் செருகினால் பின்கள் அரித்துப்போகும். தண்ணீரைத் தட்டிவிட்டு, காற்றில் காயவிடுங்கள்.

அப்புறம் பின்விளக்கு. விடியலுக்கு முன் ஓட்டுகிறவருக்குப் போனைவிட அதுதான் முக்கியம், ஆனால் அதைத்தான் கடைசியில் செருகுகிறார்கள். அது இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், எதுவும் செருகவில்லை என்று நினைத்து சில பவர் பேங்க்குகள் ஓரிரு நிமிடத்தில் அணைந்துவிடும். சில மாடல்களில் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் சிறு கருவிகளுக்கான மோடு வரும். அந்த வசதி இல்லையென்றால் பின்விளக்கைச் சுவர் சார்ஜரிலேயே போட்டுவிடுங்கள்.