போதகரின் திங்கட்கிழமை

ஊழியத்தில் சோர்ந்துபோன போதகரிடம் பலரும் சொல்வது, 'இன்னும் அதிகமா ஜெபிங்க ஐயா' என்பதுதான். ஆனால் அவருடைய ஜெபமே வேலையாகிப் போனதுதான் பெரும்பாலும் கோளாறு. வேதத்தைத் திறந்தால் கண் ஞாயிறு பிரசங்கத்துக்குக் குறிப்புத் தேடுகிறது. முழங்காலில் நின்றால் ஜெப விண்ணப்ப நோட்டு நினைவுக்கு வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றுவது, வேலைமேல் மனம் கசந்து விலகுவது, செய்யும் வேலையில் திறன் குறைவது. சபையில் இது எப்படித் தெரியும்? அடக்க ஆராதனையில் வாய் வாசிக்கும், மனம் அங்கே இருக்காது. வீடு சந்திப்பு தள்ளிப்போகும். கமிட்டியில் யாரோ கணக்குக் கேட்டால் கோபம் பொங்கும்.

முதலில் பிரசங்கத்துக்கு உதவாத வாசிப்பு ஒன்றைப் பிடியுங்கள். பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் காலை, மாலை என 30 நாளுக்குப் பிரித்திருக்கிறார்கள். தேதி 12 என்றால் காலையில் 62 முதல் 64, மாலையில் 65 முதல் 67. எதை வாசிப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அதுவே பாதி ஓய்வு. வாய்விட்டு, மெதுவாக, பேனா இல்லாமல் வாசியுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் அன்றைய தேதிக்குப் போய்விடுங்கள். பாக்கியைச் சேர்த்து வாசிக்க முயன்றவர்கள்தான் இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ஓய்வுநாள். ஞாயிறு உங்களுக்கு ஓய்வுநாள் அல்ல, வாரத்தின் கனமான வேலைநாள். பலருக்குத் திங்கள் ஒத்துவரும். அதைச் சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், தீர்மானமாக்கி மினிட்ஸ் புத்தகத்தில் எழுதவைத்து, ஆராதனை அறிவிப்பிலும் வாசிக்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் இரண்டே வாரத்தில் கரைந்துவிடும். அன்று சபையாரின் தொலைபேசி அழைப்புகளை உபதேசியாரோ (போதகருக்கு உதவும் சபை ஊழியர்) செயலாளரோ எடுக்கட்டும். மரணமும் ஐசியூவும் மட்டும் உங்களிடம் வரலாம். திங்களன்று அடக்கம் வந்தால் ஓய்வு ரத்தாகாது, அதே வாரம் வேறொரு நாளுக்கு மாறும். இந்த வரியையும் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். வேதத்தில் மாமனார் எத்திரோ மோசேயிடம் 'தொய்ந்துபோவீர்கள்' என்று எச்சரித்துவிட்டுச் சொன்னதும் இதுதான்: பெரிய வழக்கு உன்னிடம், சிறியது மற்றவர்களிடம்.

மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டும். அவர் உங்கள் சபை விசுவாசியாகவோ, உங்களை மாற்றல் செய்யும் அதிகாரம் உள்ளவராகவோ இருக்கக் கூடாது. வேறு திருச்சபைப் போதகர் நல்லது. எந்தத் திருச்சபை அமைப்பிலும் சேராத தனிச்சபை நடத்துபவருக்கு மாற்றலும் இல்லை, பதிலாளும் இல்லை, காணிக்கைதான் வருமானம். அவருக்கு இது இன்னும் அவசியம். பக்கத்து ஊர் ஊழியரோடு மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்க மேடையை மாற்றிக்கொள்ளலாம்; அவர் இங்கே, இவர் அங்கே.

உபவாசத்தில் கவனம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. வேதத்தில், சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குக் கிடைத்தது தூக்கமும், சுட்ட அடையும், தண்ணீரும், மறுபடி தூக்கமும். கர்த்தர் அவரோடு பேசியது ஓரேப் மலைக்குப் போன பிறகே. உங்களுக்கும் இரண்டு வாரமாகத் தூக்கமில்லாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தாலோ ஒருநாளும் காத்திருக்க வேண்டாம்; டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி இலவச எண் 14416. இப்படி உதவி தேடுவது விசுவாசக் குறைவு அல்ல.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆராதனைகள் முடிந்த வாரம்தான் பலர் படுத்துவிடுகிறார்கள். ஜனவரியில் நான்கு நாள் விடுப்பை நவம்பர் கமிட்டியிலேயே கேட்டுவிடுங்கள். தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் போன்ற ஆசிரமத்துக்குப் போகலாம். பிரசங்க நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.